உதவி: 6 தோட்டம், ஒவ்வொன்றிலும் 30 குடும்பம் – பல்கட்ட எழுமாற்று மாதிரியில் எங்கே கோளாறு?

நோர்வூட் மாணவி:
எல்லாருக்கும் வணக்கம். இறுதியாண்டு ஆய்வுக்காகத் தேயிலைத் தோட்டங்களில் குடிநீர் வசதி பற்றிக் கணக்கெடுக்கப் போகிறேன். பட்டியலில் 24 தோட்டம் இருந்தது. சீட்டுக் குலுக்கி 6 எடுத்துவிட்டேன். இனி ஒவ்வொரு தோட்டத்திலும் 30 குடும்பத்தை எழுமாற்றாக (யார் விழுவார் என்பதைக் குலுக்கலுக்கே விட்டு) எடுத்தால் மொத்தம் 180. மேற்பார்வையாளர் பார்த்துவிட்டு, "பெரிய தோட்டத்துக் குடும்பத்துக்கும் சின்னத் தோட்டத்துக் குடும்பத்துக்கும் ஒரே வாய்ப்பா?" என்று கேட்டார். இரண்டு கட்டமும் எழுமாற்றுத்தானே? குலுக்கின தோட்டங்களை மாற்றணுமா? அடுத்த கிழமை களத்துக்குப் போகணும்.

பதுளை அண்ணன்:
தங்கச்சி, மாற்ற வேண்டாம். ஆனால் மேற்பார்வையாளர் சேர் கேட்டது நியாயமான கேள்வி. எழுமாற்றாக எடுத்தால் மட்டும் எல்லாருக்கும் சமவாய்ப்பு வந்துவிடாது. ஒவ்வொரு கட்டத்து வாய்ப்பையும் பெருக்கிப் பாருங்க. ஒரு தோட்டத்தில் 600 குடும்பம் என்று வைத்துக்கொள்வோம்: 6/24 × 30/600 = 1/80. இன்னொன்றில் 150 குடும்பம்: 6/24 × 30/150 = 1/20. சின்னத் தோட்டத்துக் குடும்பத்துக்கு நாலு மடங்கு வாய்ப்பு. அங்கே ஊற்றுத் தண்ணியும் பெரிய தோட்டத்தில் பைப் தண்ணியும் என்றால், நீங்க எழுதுகிற சதவீதம் ஊற்றுப் பக்கம் சாய்ந்துவிடும்.

தீர்வு நிறை கொடுப்பது, அதாவது ஒரு குடும்பத்தின் பதில் எத்தனை குடும்பத்துக்காகப் பேசுகிறதோ அத்தனையால் பெருக்குவது. வாய்ப்பைத் தலைகீழாக்கினால் அதுதான் நிறை: முதல் தோட்டத்துக் குடும்பத்துக்கு 80, மற்றதுக்கு 20. அதனால் ஒவ்வொரு தோட்டத்திலும் மொத்தக் குடும்பம் எத்தனை என்று போன அன்றைக்கே எழுதிக்கொள்ளுங்க. டிவிஷன் (தோட்டத்தின் பிரிவு), லயம் (வரிசை வீடு) என்று இடையில் கட்டம் வைத்தால் அங்கேயும் "மொத்தம் எத்தனை, எடுத்தது எத்தனை" வேணும். ஒரு எண் விடுபட்டாலும் நிறை போட முடியாது.

கொட்டகலை டீச்சர்:
அண்ணன் சொன்னது சரி. ஆனால் மகள், களத்துக்கு இன்னும் போகவில்லை என்றால் திரும்பக் குலுக்குவதே நல்லது என்பேன். குடும்ப எண்ணிக்கைக்கு விகிதமான வாய்ப்போடு தோட்டத்தை எடுங்க. 24 தோட்டத்திலும் மொத்தம் 9,600 குடும்பம் என்றால், பெரியதுக்கு 6 × 600/9600 × 30/600. சின்னதுக்கு 6 × 150/9600 × 30/150. இரண்டும் 180/9600தான். எல்லாருக்கும் ஒரே வாய்ப்பு.

அதைவிட எனக்குப் பெரிய கவலை 6 தோட்டம் என்பது. ஒரே தோட்டத்தார் ஒரே பீலித் தண்ணி குடிப்பார்கள். 30 பேரைக் கேட்டாலும் பதில் ஏறத்தாழ ஒன்றுதான். கொத்தணிக்குள் ஒப்புமை, அதாவது ஒரே தோட்டத்தார் பதில் எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற அளவு, 0.05தான் என்றாலும் வடிவமைப்பு விளைவு (கொத்தாக எடுப்பதால் மாதிரியின் பலன் எத்தனை மடங்கு குறைகிறது என்ற கணக்கு) 1 + (30 − 1) × 0.05 = 2.45. உங்கள் 180 குடும்பம் சுமார் 73க்குச் சமம். 12 தோட்டத்தில் 15 குடும்பம் என்றால் 1 + 14 × 0.05 = 1.7, சுமார் 106க்குச் சமம். தண்ணி விசயத்தில் ஒப்புமை இன்னும் கூடத்தான் இருக்கும். இலங்கைத் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களமும் 2016 வருமான செலவு ஆய்வில் ஓரிடத்தில் 10 வீட்டோடு நிறுத்திக்கொண்டு 2,500 இடத்துக்குப் போனது.

நோர்வூட் மாணவி:
மிக்க நன்றி டீச்சர், அண்ணா. பஸ் செலவைப் பார்த்தால் 12 முடியாது, 9 தோட்டம் 20 குடும்பம் என்று போகலாமா? வீட்டுப் பட்டியலுக்கு ஆபீசில் செக்ரோல் (தொழிலாளர் வேலைப் பதிவேடு) தருவதாகச் சொல்கிறார்கள். அதில் ஒவ்வொரு 10ஆவது பெயரையும் எடுத்தால் போதுமா?

பதுளை அண்ணன்:
9 × 20 தாராளமாகப் போகலாம். செக்ரோல் வேண்டாம். அதில் இருப்பது தோட்டத்தில் பேர் போடுகிறவர்கள் மட்டும். கொழும்புக்கு வேலைக்குப் போகிற குடும்பம் லயத்தில் இருந்தும் பட்டியலில் இராது. மூன்று பேர் வேலை செய்யும் வீடோ மூன்று தரம் வரும். கிராம உத்தியோகத்தரிடம் குடும்பப் பட்டியல் கேளுங்க. கிடைக்காவிட்டால் டிவிஷன் டிவிஷனாக நடந்து காம்பராக்களுக்கு (லயத்து அறை வீடுகளுக்கு) நம்பர் போடுங்க. ஒரே காம்பராவில் இரண்டு அடுப்பு எரிந்தால் இரண்டு குடும்பம்.

நம்பர் போட்டபிறகு "ஒவ்வொரு 10ஆவது" வேண்டாம். பத்துக் காம்பரா லயம் வரிசையாக இருந்தால் ஒவ்வொரு லயத்திலும் அதே இடத்துக் காம்பராதான் விழும். அது கடைசிக் காம்பராவாக இருந்தால் பக்கத்தில் இறக்கிக் கட்டின சமையலறையும் தனிக் குழாயும் இருக்கலாம். எழுமாற்று எண் அட்டவணையில் எடுங்க.

கொட்டகலை டீச்சர்:
இன்னொன்று மகள். பகலில் கதவு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டு வராதீங்க. வீட்டில் இருப்பவர்களை மட்டும் பிடித்தால் கொழுந்தெடுக்கப் போன பெண்கள் விடுபடுவார்கள், தண்ணி சுமப்பது அவர்கள்தான். கொழுந்து நிறுத்துவிட்டு வரும் நேரமாகப் பார்த்து அதே வீட்டுக்குத் திரும்பப் போங்க.