காலியாகுறதுக்கு முன்னாடியே மாத்திரு மாப்ள

குரூப்: நம்ம வீட்டு ஆளுங்க

வியாழக்கிழமை

நான்: மாமா வணக்கம், எந்திரிச்சுட்டீங்களா. ஒரு விஷயம் கேக்கணும். வர்ற சனிக்கிழமை இங்க டெக்சாஸ்ல எங்க ரேஞ்ச்ல சப்மெஷின் கன் போட்டி வச்சிருக்காங்க, நானும் பேர் குடுத்துட்டேன். சுடுறது ஓரளவுக்கு வருது ஆனா மேகசின், அதான் தோட்டா நிரப்புற பெட்டி, அத மாத்துறதுலதான் எல்லா நேரமும் போகுது. நீங்க பட்டாலியன் டீம்ல கார்பைன் சுட்டவரு, அதுவும் இதே ரகம்தான், உங்களவிட்டா நம்ம வீட்ல யார கேப்பேன்

அம்மா: என்னடா இது புதுசா. போன வருசம் சாதா துப்பாக்கின்ன, இப்ப மெஷின் கன்னா

அக்கா: டேய் அதெல்லாம் தனி ஆளு வச்சிருக்கலாமா அங்க? இங்கல்லாம் ஆயுதச் சட்டத்துலயே ஆட்டோமேட்டிக் தடை செஞ்ச ஆயுதம்

நான்: அக்கா எனக்கு சொந்தம் இல்ல. இங்க 1934லேர்ந்தே இதுக்கு தனி சட்டம் இருக்கு, பதிவு பண்ணி வரி கட்டணும். 1986 மே மாசத்துக்கு அப்பறம் புதுசா பதிவு பண்ணது எதையும் பொதுமக்கள் வாங்க முடியாது, அதனால பழசு மட்டும்தான் கை மாறிக்கிட்டே இருக்கு, ஒண்ணு ஒரு கார் விலை. எங்க ரேஞ்ச்ல ஒரு பெரியவர் ஊசி வச்சிருக்காரு, அவர் பக்கத்துலயே நிப்பாரு, நான் சுட்டுட்டு அவர்ட்டயே குடுத்துருவேன்

அத்தை: ஊசியா??

நான்: ஊசி, அதான் பேரு அத்தை. இஸ்ரேல் துப்பாக்கி. 9 எம்எம்

அம்மா: கவனமா இருப்பா. அண்ணே நீ சொல்லு அவனுக்கு

மாமா: பாப்பா பயப்படாத, ரேஞ்ச்ல ஒழுங்கா நடந்துக்கிட்டா ஒண்ணும் ஆகாது, நான் பாத்துக்கறேன். மாப்ள ஊசி நான் கையில எடுத்தது இல்ல, எங்களுக்கு கான்பூர்ல செஞ்ச கார்பைன், இங்கிலாந்து ஸ்டெர்லிங்கோட அதே அச்சு, மேகசின் இடது பக்கமா படுத்துருக்கும், 34 ரவுண்டு தோட்டா பிடிக்கும். ஆனா ரெண்டுமே ஓப்பன் போல்ட்டுதான? போல்ட், அதான் தோட்டாவ குழலுக்குள்ள தள்ளுற இரும்புக் கட்டை, பின்னாடி நின்னு ட்ரிகர் அமுக்குனாத்தான முன்னாடி போகும்?

நான்: ஆமா மாமா அதே மாதிரிதான்

மாமா: அப்ப முதல் பாடம் இதுதான், நல்லா கேட்டுக்க. மேகசின் சுத்தமா காலியாயிருச்சுன்னா போல்ட் வெறுமனே முன்னாடி போய் அடிச்சு நின்னுரும். பின்னாடி பிடிச்சு நிறுத்த ஒண்ணும் கிடையாது. அப்ப நீ பழைய மேகசின கழட்டணும், புதுச போடணும், அப்பறம் கைய மேல கொண்டுபோய் காக்கிங் ஹேண்டிலையும், அதான் போல்ட்ட பின்னாடி கொண்டு போற பிடி, இழுக்கணும். மூணு வேலை. இன்னும் நாலஞ்சு ரவுண்டு மிச்சம் இருக்கும்போதே மாத்துனின்னா போல்ட் பின்னாடியேதான் நிக்கும், கழட்டு, போடு, சுடு. ஹேண்டில தொடவே வேண்டாம். நாங்க டீம்ல இதுக்குன்னே தினம் காலையில பழகுவோம்

நான்: மாமா இதத்தான் நான் தப்பா பண்ணிக்கிட்டு இருந்தேன்!! ஒவ்வொரு தடவையும் டக்குன்னு வெறும் சத்தம் வந்தப்பறம்தான் மாத்துறேன்

மாமா: எல்லாரும் முதல்ல அப்படித்தான். எண்ணிப் பழகு. அது நிமிசத்துக்கு எத்தன ரவுண்டு போகும்?

நான்: சுமாரா 600

மாமா: அப்ப செகண்டுக்கு 10. 32 ரவுண்டு மேகசின் மூணு செகண்டுல காலி. விரல விடாம பிடிச்சா எண்ணவே முடியாது. ரெண்டு ரெண்டா விட்டு எடுக்கணும், இலக்கா வச்சிருக்கற தட்டுக்கு ரெண்டுன்னு வச்சா பதிமூணு பதினாலு தட்டுல நீ மேகசின நினைக்க ஆரம்பிச்சிரணும்

நான்: இங்க மேக்னு ஒரு சின்ன அமெரிக்க சப்மெஷின் கன் வச்சு சுடுறவங்களும் வருவாங்க மாமா, அது நிமிசத்துக்கு 1200 கிட்ட போகும், ரெண்டு செகண்டுக்குள்ள மேகசின் முடிஞ்சிரும். அவங்க அதுக்கு வேற மேல்பாகம் வாங்கி மாட்டி வேகத்த குறைச்சு வச்சிருக்காங்க, அதுக்கு பழைய ஃபின்லாந்து துப்பாக்கி சுவோமியோட மேகசின் போடுற மாதிரி செஞ்சிருக்காங்க. ஒருத்தர் 71 ரவுண்டு பிடிக்கற வட்டமான டிரம் மேகசினே போட்டு வந்தாரு

மாமா: டிரம் போட்டா மாத்துற வேலை குறையும், ஆனா கனம். அத தூக்கிட்டு ஓடணுமே. மேகசின் வைக்கற உன் பவுச் எப்படி? போட்டோ அனுப்பு

நான்: (போட்டோ)

மாமா: இது மூடி போட்ட கேன்வாஸ் பவுச். இது அணிவகுப்புக்கு, போட்டிக்கு இல்ல. எங்களுக்கும் இதே மாதிரிதான் குடுத்தாங்க, பக்கிள கழட்டி மூடிய தூக்கி உள்ள கை விட்டு தேடி எடுக்கறதுக்குள்ள பக்கத்து ஃபயரிங் பாயிண்ட்காரன் சுட்டு முடிச்சிருவான். 91ல ஒரு மீட்ல எனக்கு அந்த பக்கிள் விரல்ல சிக்கி நகம் கிழிஞ்சு ரத்தத்தோட சுட்டேன், ரெண்டு பாயிண்ட்ல மெடல் போச்சு. இன்னைக்கும் அந்த பக்கிள் கண்ணுலயே நிக்குது. மூடி இல்லாதது வாங்கு

நான்: கைடெக்ஸ்னு ஒரு கெட்டி பிளாஸ்டிக்ல வருது மாமா, மேல திறந்தே இருக்கும், திருகு வச்சு இறுக்கத்த கூட்டி குறைக்கலாம். நாளைக்கே கடைக்குப் போறேன்

அம்மா: திறந்து இருந்தா ஓடும்போது கீழ விழுந்துராதா

மாமா: பாப்பா சரியான கேள்வி. அதான் அந்த திருகு. மேகசின நிரப்பி பவுச்சுல போட்டு மாடிப்படி ஏறி இறங்கி குதிச்சுப் பாக்கணும், விழக்கூடாது, ஆனா ஒரே இழுப்புல வரணும். காலி மேகசின் போட்டு இறுக்கத்த பாத்தா தப்பாயிரும், கனத்துக்குத்தான் விழும்

நான்: ஆமா ஒரு தோட்டா 12 கிராம் வருது, 32 போட்டா தோட்டா மட்டும் கிட்டத்தட்ட 400 கிராம். நாலு மேகசின் வச்சா ஒன்றரை கிலோ இடது இடுப்புல தொங்குது, பேண்ட் அந்தப் பக்கமா இழுத்துட்டுப் போகுது. அதுக்கு ரெண்டு பெல்ட் கட்றாங்க, உள்ள ஒண்ணு பேண்டோட, வெளிய ஒண்ணு அதுமேல வெல்க்ரோவுல ஒட்டிக்கிற மாதிரி, அசையாது

மாமா: நல்லது. நாலும் ஒரே மாதிரி நிக்கணும், தோட்டா முனை எல்லாம் முன்பக்கம் பாத்து, அடிப்பாகம் மேல. இடது கை போய் பிடிச்சா ஆள்காட்டி விரல் மேகசினோட முன் விளிம்பு மேல தானா படுக்கணும். அந்த விரல்தான் வழிகாட்டும், கண்ணு தட்டு மேலயே இருக்கலாம். ஒண்ணு திரும்பி நின்னாலும் அன்னைக்கு அதுதான் உன் கையில வரும்

நான்: ஊசில ஒரு வசதி இருக்கு மாமா, மேகசின் கைப்பிடிக்குள்ளயே போகுது. வலது கை எங்கயோ இடது கை அங்கயே போகுது

மாமா: கரண்ட் போனாலும் சோத்த வாய்க்குத்தான கொண்டு போறோம், அதே கதைதான். எங்க கார்பைன்ல பக்கவாட்டுல தேடிப் பிடிக்கணும், ஆனா படுத்து சுடுறப்ப அது வசதி, கீழ மேகசின் தரைய முட்டாது. உனக்கு முட்டும், அதையும் யோசிச்சுக்க. முட்டி போட்டு உக்காந்தா அந்த நீள மேகசின் விலாவுல குத்தும், பவுச்ச கொஞ்சம் பின்னாடி தள்ளி கட்டு

அக்கா: ரெண்டு மேகசின சேத்து கட்டி வச்சிருப்பாங்களே அது எதுக்கு

நான்: அக்கா ஊசிக்கு அப்படி ஒரு கிளிப்பே உண்டு, ரெண்டயும் எல் மாதிரி குறுக்க பிடிச்சுக்கும். முதல் மாத்தல் ரொம்ப வேகமா வரும். ஆனா எப்பவும் ரெண்டு மேகசின் கனத்தோட சுடணும், நீட்டி பிடிச்சா கை வலிக்குது

மாமா: தரையில பட்டா ரெண்டாவதோட வாய்க்குள்ள மண்ணும் போகும். எனக்கு அது பிடிக்காது

வெள்ளிக்கிழமை

நான்: மாமா பவுச் வாங்கிட்டேன். ஆனா துப்பாக்கி அவர்ட்ட இருக்கு, வீட்டுக்கு கொண்டு வர முடியாது, மேகசின் நாலு மட்டும் குடுத்தாரு. எப்படி பழகறது

மாமா: பலகைய வெட்டி மேகசின் உள்ள போற அளவுக்கு ஒரு பெட்டி அடி, கைப்பிடி உயரத்துல வலது கையில பிடி. ரூம்ல ஒரு தோட்டா கூட இருக்கக்கூடாது, வேற ரூம்ல பூட்டி வச்சுட்டு வா. முதல்ல 50 தடவை மெதுவா. வேகத்த நீயா கூட்டாத

நான்: செஞ்சிட்டேன் மாமா (போட்டோ)

அத்தை: அழகா செஞ்சிருக்கான்

மாமா: இப்ப மேகசினுக்கு 1, 2, 3, 4ன்னு பெயிண்ட்ல நம்பர் போடு. எதுல தோட்டா சிக்குதோ அது தெரியணும். உதடு ரெண்டும் நெளியாம இருக்கா பாரு, அதான் தோட்டாவ பிடிச்சிருக்கற இடம். உள்ள எண்ணெய் விடாத, மண்ணு ஒட்டிக்கும், துணி வச்சு துடைச்சா போதும். ஸ்டென்கன்னு பழைய இங்கிலாந்து சப்மெஷின் கன், அதோட மேகசின்ல ரெண்டு வரிசை மேல வந்து ஒரு வரிசையா சேரும், கொஞ்சம் தூசி இருந்தாலே நின்னுரும், அதனால 32 போட வேண்டியதுல ரெண்டு மூணு குறைச்சுத்தான் போடுவோம். ஸ்டெர்லிங்ல அந்த தொல்லை இல்ல, தோட்டாவ தள்ளுற இடத்துல ரெண்டு உருளை வச்சிருப்பான், எவ்வளவு அருமையான வேலைப்பாடு தெரியுமா அது

மாமா: இன்னொண்ணு. மாத்துறப்ப விரல் ட்ரிகர விட்டு வெளிய. ஓடிக்கிட்டே மாத்துனா உடம்பு திரும்புற பக்கம் குழலும் திரும்பும். குழல் எப்பவும் இலக்கு பக்கம்தான். மத்தது எது மறந்தாலும் இது மறக்கக்கூடாது

நான்: இங்க குழல் பக்கவாட்டுக் கோட்ட தாண்டுனாலே அன்னைக்கு அப்பவே வீட்டுக்கு அனுப்பிருவாங்க மாமா. மறக்க மாட்டேன்

அம்மா: சாப்பிட்டு போ. தண்ணி எடுத்துக்க

ஞாயிற்றுக்கிழமை

நான்: மாமா முடிஞ்சது. முதல் ஸ்டேஜ்ல 20 தட்டு. 13ஆவது தட்டுக்கு அப்பறம் அடுத்த தடுப்புக்கு ஓடணும், அங்க ஓடுற நேரத்துலயே மாத்திட்டேன், போல்ட் பின்னாடியே இருந்துச்சு, போய் நின்ன உடனே சுட்டேன். பெரியவர் முதுகுல தட்டி குடுத்தாரு. ரெண்டாவதும் நல்லா போச்சு. மூணாவது ஸ்டேஜ்லதான் 3ஆம் நம்பர் மேகசின்ல தோட்டா மூக்கு தூக்கி நின்னுருச்சு, கழட்டி கீழ போட்டுட்டு அடுத்தத போட்டு ஹேண்டில இழுக்க ஆறு செகண்டு போயிருச்சு. 31 பேர்ல 12ஆவது

அம்மா: நல்லபடியா முடிச்சியே அது போதும்ப்பா

அக்கா: முதல் தடவைக்கு சூப்பர்டா

மாமா: ஆறு செகண்டா, பரவால்ல, நின்னு யோசிக்காம அடுத்தத எடுத்தியே. அந்த 3 முதல் ஸ்டேஜ்ல கீழ விழுந்துச்சா?

நான்: ஆமா மாமா, முதல் ஸ்டேஜ்ல ஓடும்போது கழட்டி விட்டது அதான். சரளைக்கல்லு மேல தலைகீழா விழுந்துச்சு

மாமா: உதட்ட பாரு. ஒரு பக்கம் உள்ள வந்திருக்கும். 1 பக்கத்துல வச்சு போட்டோ எடு

நான்: (போட்டோ)

நான்: ஆமா மாமா, இடது பக்கம் லேசா நெளிஞ்சிருக்கு. கண்ணுக்கு தெரியவே இல்ல, பக்கத்துல வச்சப்பறம்தான் தெரியுது

மாமா: குறடு வச்சு நீயா நிமித்தாத. அவர் பொருள், அவர்ட்ட சொல்லு, வேற வாங்கி குடுத்துரு. அது வரைக்கும் மத்ததோட கலக்காத

நான்: சிகப்பு டேப் ஒட்டி தனியா வச்சுட்டேன் மாமா. புதுசு ஒண்ணு ஆர்டர் போட்டாச்சு, புதன்கிழமை வந்துரும்