ஏழு கறிப் பந்தி, 200 பேர்: எத்தனை இலை?

மொரீசியஸ் ரோஸ் ஹில்லில் கல்யாணம், வாழையிலையில் ஏழு கறிச் சாப்பாடு. இரண்டு பந்தி. பிளாஸ்டிக் கூடாது. இலை எத்தனை, எப்போ வெட்டணும்?

பதில்: 230 வையுங்க, கிழிசல் கழியும். முதல்நாள் சாயங்காலம் வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைக்கணும். வெயில் பட்டால் சுருண்டு, விரிக்கையிலே நரம்போடு கிழியும். ரசம் மேசையில் ஓடும். தணலில் லேசா வாட்டினா வளைஞ்சு கொடுக்கும்.

பதில்: பிளாஸ்டிக் தட்டு, கரண்டிக்கு மொரீசியஸில் 2021 ஜனவரி முதலே தடைதான். ஏமாத்துறது காகிதக் கப்! உள்ளே பிளாஸ்டிக் பூச்சு, மட்காது. எவர்சில்வர் டம்ளர் 120 வாடகைக்கு எடுங்க, பந்திக்கு நடுவில் கழுவ இரண்டு ஆள்.

பதில்: மாலைக்கு நைலான் நூல், ஜிகினா வேண்டாம், வாழைநார் போதும். எச்சில் இலையை நடுத்தண்டோடு போட்டால் லேசில் மட்காது. நறுக்கி, ஒரு பங்குக்கு மூன்று பங்கு காய்ந்த கரும்புச் சோகை (கரும்பு இலை) கலந்திடுங்க. இல்லேன்னா நாறும்.

கேட்டவர்: பாயசத்துக்கு?

பதில்: டம்ளரே.