ரந்தாவ் சட்டமன்றத் தொகுதி: 2018ஆம் ஆண்டுக்கு நேரே என்ன எழுதுவது?

லின்சம்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்திலுள்ள ரந்தாவ் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களின் ஒன்றுகூடலுக்காக ஒரு கையேடு தயாரித்து வருகிறோம். தோட்டங்கள், தமிழ்ப்பள்ளிகள், கோயில்கள் ஆகியவற்றின் வரலாற்றோடு, ரந்தாவ் சட்டமன்றத் தொகுதியின் தேர்தல் வரலாற்றுக்கும் இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். 2004 முதல் யார் வென்றார், எவ்வளவு பெரும்பான்மை என்று ஓர் அட்டவணை போட்டால் போதும் என்றுதான் தொடங்கினேன். ஆனால் 2018க்கு வந்ததும் வேலை நின்றுவிட்டது.

அந்த ஆண்டு தேசிய முன்னணிக் கூட்டணியிலுள்ள அம்னோ கட்சியின் முகமட் ஹசான் போட்டியின்றி வென்றார். பிறகு நீதிமன்றம் அந்த வெற்றியைச் செல்லாது என்றது. 2019இல் இடைத்தேர்தல் நடந்தது. செல்லாமற்போன தேர்தலுக்கு அட்டவணையில் இடமே இருக்கக் கூடாது என்கிறார் என் பெரியப்பா. குழுவிலுள்ள மற்றொருவர், ‘போட்டியின்றி வெற்றி’ என்று எழுதிவிட்டு மேலே போகலாம் என்கிறார். எது முறை?

இன்னொரு கேள்வியும் உண்டு. கட்டுரையின் வரைவில், “2019இல் இந்தியர்கள் பக்காத்தானைக் கைவிட்டதால் டாக்டர் ஸ்ரீராம் தோற்றார்” என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. அதை வைத்துக்கொள்ளலாமா?

மூலைவீடு எழுதியது:

பெரியப்பாவின் கோபம் புரிகிறது. ஆனாலும் அந்த ஆண்டை நீக்குவது சரியாகாது. 2018 ஏப்ரல் 28ஆம் தேதி வேட்புமனு தாக்கல் நடந்தது. பக்காத்தான் கூட்டணியைச் சேர்ந்த பிகேஆர் கட்சியின் வேட்பாளர் டாக்டர் ஸ்ரீராம் சின்னசாமி, தேர்தல் ஆணையத்தின் நுழைவு அட்டை கையில் இல்லை என்ற காரணத்துக்காக மையத்தின் வாசலிலேயே தடுத்து நிறுத்தப்பட்டார். நேரம் கடந்துபோயிற்று, எதிர் வேட்புமனு இல்லாததால் முகமட் ஹசான் வென்றதாக அறிவிக்கப்பட்டது. அந்தப் பொதுத்தேர்தலில் நாடு முழுவதிலும் போட்டியின்றி முடிந்த ஒரே தொகுதி ரந்தாவ்தான். அப்படிப்பட்ட ஆண்டை அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டால், 2019இல் இடைத்தேர்தல் எதற்காக வந்தது என்று கையேட்டைப் படிக்கும் பிள்ளைகளுக்கு எப்படி விளங்கும்?

‘போட்டியின்றி வெற்றி’ என்று மட்டும் எழுதினாலும் பாதிக் கதைதான் பதிவாகும். வெற்றி அரசிதழில் வெளியான 21 நாளுக்குள் தேர்தல் மனு தாக்கல் செய்ய வேண்டும் என்பது சட்டம். அவ்வாறு தொடுக்கப்பட்ட மனுவை விசாரித்த சிரம்பான் தேர்தல் நீதிமன்றம், 2018 நவம்பர் 16ஆம் தேதி அந்த வெற்றியைச் செல்லாது என்று அறிவித்தது. வேட்பாளரிடம் நுழைவு அட்டை இருந்தே ஆக வேண்டும் என்று தேர்தல் நடத்தை விதிகளில் எங்கும் கூறப்படவில்லை என்பதே வழக்கின் முதுகெலும்பு. மேல்முறையீட்டைக் கூட்டரசு நீதிமன்றம் 2019 பிப்ரவரி 18ஆம் தேதி தள்ளுபடி செய்தது. இடைத்தேர்தலுக்கு நாள் குறிக்க வழி பிறந்தது அதன் பிறகுதான்.

வெற்றி செல்லாது என்று அறிவிக்கப்பட்ட பிறகும் முகமட் ஹசானே எப்படி மறுபடி நின்றார் என்று பலர் இன்றும் கேட்கிறார்கள். கையேட்டில் இதற்கு ஒரு வரி ஒதுக்கினால் நன்று. அதே நவம்பரில் கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதியில் தேசிய முன்னணியின் உறுப்புக் கட்சியான மஇகாவின் சிவராஜ் பெற்ற வெற்றியும் ரத்தானது. அங்கே வாக்காளர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டது என்பது குற்றச்சாட்டு. ஆகவே அவர் ஐந்தாண்டுகளுக்குப் போட்டியிட முடியாது என்று தேர்தல் ஆணையம் அறிவித்தது. ரந்தாவில் தவறு நேர்ந்தது வேட்புமனு தாக்கலை நடத்திய விதத்தில். முகமட் ஹசான் மீது ஊழல் தீர்ப்பு எதுவும் இல்லாததால் அவர் மறுபடி நிற்கத் தடை இருக்கவில்லை.

பழையலயம் எழுதியது:

தம்பி, நீதிமன்றத் தேதிகளை மூலைவீடு ஐயா அழகாகச் சொல்லிவிட்டார். வாக்களித்தவன் என்ற முறையில் நான் ஒன்று சேர்க்கிறேன். 2018 மே 9ஆம் தேதி எங்கள் மாநிலத்தின் மற்ற ஊர்களில் எல்லோருக்கும் இரண்டு வாக்குச்சீட்டு, நாடாளுமன்றத்துக்கு ஒன்று, சட்டமன்றத்துக்கு ஒன்று. ரந்தாவ் தொகுதிக்காரர்களாகிய எங்களுக்கு ரெம்பாவ் நாடாளுமன்றச் சீட்டு ஒன்று மட்டுமே கிடைத்தது. எனக்குப் பின்னால் நின்ற ஒரு பாட்டி, மையிட்ட விரலை உயர்த்திப் பிடித்தபடியே, “இன்னொரு தாள் எங்கே ஐயா?” என்று மேசையில் இருந்த கிராணியிடம் (எழுத்தரிடம்) கேட்டார். கிராணிக்குத் தமிழ் தெரியாது. ஒரே சீட்டைத் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தார். பாட்டியை ஒருவழியாகச் சமாதானப்படுத்தி மறைவிடத்துக்கு அனுப்பி வைத்தோம்.

அன்றிரவுதான் மாநில ஆட்சி மாறியது. 36 இடங்களில் பக்காத்தானுக்கு 20, தேசிய முன்னணிக்கு 16. ரந்தாவும் அந்த 16இல் ஒன்றாகவே எண்ணப்பட்டது. 2004 முதல் மந்திரி பெசாராக (மாநில முதலமைச்சராக) இருந்த எங்கள் சட்டமன்ற உறுப்பினர் அந்த நாற்காலியை இழந்தார். தொகுதியோ அவரிடமே இருந்தது, அதுவும் எங்களில் ஒருவரும் வாக்களிக்காமலே. உங்கள் அட்டவணையில் ‘வாக்களிப்பு நடைபெறவில்லை’ என்ற சொற்கள் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

புதிதாக வாசிப்பவர்களுக்காக மற்றொன்றையும் குறிப்பிடுங்கள். ரந்தாவ் பட்டணம் நிர்வாகத்தில் சிரம்பான் மாவட்டத்தைச் சேர்ந்தது. நாடாளுமன்றத்துக்கோ பாரோய், செம்போங், கோத்தா ஆகியவற்றோடு சேர்ந்து ரெம்பாவுக்கு வாக்களிக்கிறது. வெளியூருக்குக் குடிபோன நம் பிள்ளைகளே இதில் குழம்புகிறார்கள்.

எண்ணும்முகவர் எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அந்த வாக்கியத்தை எடுத்துவிடுங்கள் என்பதே என் கருத்து.

2019 ஏப்ரல் 13ஆம் தேதி நடந்த இடைத்தேர்தலில் முகமட் ஹசான் 10,397 வாக்குகளும் டாக்டர் ஸ்ரீராம் 5,887 வாக்குகளும் பெற்றனர். இரண்டு சுயேச்சைகளுக்கும் சேர்த்து 162. பெரும்பான்மை 4,510. பதிவு பெற்ற வாக்காளர்கள் 20,926 பேர். அவர்களில் மலாய்க்காரர்கள் பாதிக்குச் சற்று மேல், இந்தியர்கள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. 2013 பொதுத்தேர்தலில் முகமட் ஹசானின் பெரும்பான்மை 4,613. ஆறு ஆண்டு இடைவெளி, நடுவில் ஒரு மாநில ஆட்சி மாற்றம், ஒரு தொகுதிச் சீரமைப்பு, ஒரு வழக்கு. இத்தனைக்கும் பிறகு வித்தியாசம் நூற்றுச் சொச்சம்தான். இந்தியர்கள் கைவிட்டதால் தோற்றார் என்று எழுத வேண்டுமானால், அதற்கு முன் பக்காத்தான் இங்கே வெற்றிக்கு அருகில் வந்திருந்தது என்று காட்ட வேண்டும். அப்படிக் காட்ட 2018இல் வாக்கு எண்ணிக்கையே இல்லையே.

வாக்குச்சீட்டில் இனம் எழுதப்படுவதில்லை. நம்மிடம் இருப்பது பாரம் 14 மட்டும். எண்ணி முடித்ததும் முகவர்கள் கையொப்பமிட்டு வாங்கும் அந்தத் தாளில் ஒவ்வொரு சாலுரானுக்கும் (வாக்குச்சாவடிக்குள் உள்ள வாக்களிப்பு வரிசைக்கும்) தனித்தனி எண்ணிக்கை இருக்கும். சாலுரான்கள் வயது வாரியாகப் பிரிக்கப்படுவதால், முதல் சாலுரானில் முதியோர், கடைசியில் இளையோர் எப்படி வாக்களித்தார்கள் என்று ஓரளவு சொல்லலாம். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் வாக்குச்சாவடி இருந்தால் அந்த வட்டாரத்தின் போக்கையும் ஊகிக்கலாம். அதைக்கூட எச்சரிக்கையோடுதான் செய்ய வேண்டும். தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) குடியேறிய பலர் முகவரியை மாற்றாமல் பழைய இடத்திலேயே வாக்களித்து வந்தார்கள்; தோட்டக் குடியிருப்புகளிலோ இன்று வெளிநாட்டுத் தொழிலாளர்களே அதிகம், அவர்களுக்கு வாக்கில்லை.

எதிரணி வேட்பாளர் யார் என்பதையும் மறக்கக் கூடாது. அம்னோவின் தலைவர் விடுப்பில் இருந்ததால், துணைத் தலைவரான முகமட் ஹசான்தான் அப்போது கட்சியின் தலைமைப் பொறுப்பைக் கவனித்து வந்தார். ஜனவரியில் கேமரன் மலையையும் மார்ச்சில் செமினியையும் தேசிய முன்னணி அடுத்தடுத்து வென்று வந்த நேரம் அது. சொந்த ஊர்க்காரர், பதினான்கு ஆண்டு மந்திரி பெசார். நீதிமன்றத்தில் வென்ற நியாயம் வாக்குப் பெட்டியில் தானாக வாக்காக மாறிவிடாது. பக்காத்தானைச் சேர்ந்த எங்கள் தரப்பில் பலர் அதைத்தான் எதிர்பார்த்தார்கள்.

லின்சம்வாசி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டு, வாக்கு எண்ணிக்கையையும் பாரம் 14 பற்றிய விளக்கத்தையும் சேர்க்கிறேன். 2004க்கு முந்தைய ஆண்டுகளையும் அதே அட்டவணையில் கொண்டுவரலாமா? 2023ஐ எப்படிப் பதிவது?

மூலைவீடு எழுதியது:

முந்தைய ஆண்டுகளைத் தனி அட்டவணையாகப் போடுங்கள். நெகிரி செம்பிலான் சட்டமன்றத்தில் 1959இல் 24 இடங்கள். 1986இல் 28, 1995இல் 32, 2004 முதல் 36. இடங்கள் கூடும்போதெல்லாம் எல்லைகளும் நகர்ந்திருக்கின்றன. ஆகவே பழைய பெரும்பான்மையையும் இன்றைய பெரும்பான்மையையும் ஒரே கட்டத்தில் வைத்தால், ஒரே பெயரில் வெவ்வேறு நிலப்பரப்பை ஒப்பிட்டவர்கள் ஆவோம். 2018க்கு முன்னரும் சீரமைப்பு நடந்ததால், 2013க்குக் கீழே ஒரு கோடு இழுத்து அதைக் குறிப்பிட்டுவிடுங்கள்.

2023 ஆகஸ்ட் 12ஆம் தேதி நடந்த மாநிலத் தேர்தலில் முகமட் ஹசான் தொகுதியைத் தக்கவைத்தார். ஆனால் அப்போது பக்காத்தானும் தேசிய முன்னணியும் ஒரே அணி. எதிரே நின்றது பெரிக்காத்தான் என்ற மற்றொரு கூட்டணி. பதினெட்டு வயதினரும் தானியங்கிப் பதிவில் சேர்ந்தவர்களும் நெகிரி செம்பிலான் சட்டமன்றத்துக்கு வாக்களித்த முதல் தேர்தலும் அதுவே. எனவே அந்த எண்ணிக்கையை 2019ஓடு ஒப்பிட்டு யாருக்கு ஆதரவு கூடியது, குறைந்தது என்று எழுத வேண்டாம்.

பழையலயம் எழுதியது:

கோடு இழுக்கும்போது 2018க்கான கட்டத்தைச் சற்று அகலமாக விடுங்கள் தம்பி. பெரும்பான்மைக்கு நேரே வெறும் சிறுகோடு போட்டால் அச்சுப் பிழை என்று நினைத்துக்கொள்வார்கள். “போட்டியின்றி அறிவிக்கப்பட்டது, வாக்களிப்பு நடைபெறவில்லை, 16.11.2018இல் செல்லாது எனத் தீர்ப்பு, 18.2.2019இல் உறுதி” என்று முழுவதையும் அங்கேயே எழுதிவிட்டால் பெரியப்பாவும் ஒப்புக்கொள்வார் என்று நினைக்கிறேன். ஒப்புக்கொள்ளாவிட்டால் என்னிடம் அனுப்புங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.