இன்ஜின் மாற்றியவர்கள் வாருங்கள்: படகு, பல்ப்பர், ஜீப், எதுவானாலும்

கடல்விட்டவன் (ஏற்காடு)

இன்ஜின் மாற்றம் என்றாலே இங்கே எல்லாரும் ஹெச்பியில் போய் நிற்கிறீர்கள். நானும் அப்படித்தான் நின்றேன். அதன் பலன் இன்னும் தூக்கத்தில் வருகிறது.

கொச்சி போல்காட்டியில் கிடக்கும் பாய்மரப் படகு, பழைய கப்பல் சகாவோடு பாதிப் பாதியாக வாங்கியது, பலருக்குத் தெரியும். 34 அடி. அதிலிருந்த ரெட்டை சிலிண்டர் கடல் தண்ணியையே உள்ளே விட்டுச் சூடாறும் ரகம். ஹெட்டைக் கழற்றினால் விரல் போகவேண்டிய ஓட்டையில் பென்சில் போகவில்லை. அவ்வளவு உப்பும் துருவும்.

சகா 30 ஹெச்பி என்றார், நான் 20 போதும் என்றேன். தண்ணீரில் பதியும் நீளம் 27 அடி. அதற்கு 7 நாட் (மணிக்கு 7 கடல் மைல்) வேகத்துக்கு மேல் எவ்வளவு சக்தி கொடுத்தாலும் படகு தன் அலை மேலேயே ஏறமுடியாமல் முக்கும். டன்னுக்கு 4 ஹெச்பி வைத்தாலும் எங்கள் 5 டன்னுக்கு 20தான். பெரிசைப் போட்டு எப்போதும் அரை வேகத்தில் ஓட்டினால் இன்ஜின் சரியாகச் சூடேறாது, லைனர் பாலிஷ் போட்ட மாதிரி ஆகி ஆயில் குடிக்கும், எக்ஸாஸ்ட் பெண்டில் கரி அடைக்கும். யான்மார் 3ஒய்எம்20-யும் பீட்டா 20-யும் கடைசிவரை வந்தன. பீட்டாவுக்குள் இருப்பது குபோட்டா பிளாக், இன்ஜின் உட்காரும் பழைய பெட்டுக்குத் தகுந்தபடி கால் வேறு செய்து கொடுப்பார்கள். அதையே எடுத்தோம்.

அளவில் கோட்டை விடக்கூடாது என்று எஸ்டேட்டில் அறுத்து வைத்திருந்த சில்வர் ஓக் பலகையில் ஆசாரியை விட்டு இன்ஜின் சைஸுக்கே ஒரு பொம்மை அடித்தேன். சேலம் ஜங்ஷனில் அதை ரயிலேற்றும்போது ஒருவர் சாமி பல்லக்கா என்று கேட்டார். பொம்மை படகின் படி வழியாக இறங்கி, பெட்டில் கச்சிதமாக உட்கார்ந்தது.

நிஜ இன்ஜினும் அப்படியே உட்கார்ந்தது. ஷாஃப்ட்டோடு சேரும் கப்ளிங் முகத்தில், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் விட்டு நாலு பக்கமும் பார்த்தேன். ஸ்டார்ட் ஆனது, பின்னால் தண்ணி துப்பியது. கயிற்றை அவிழ்த்து லிவரை முன்னே தள்ளினேன். படகு பின்னால் நகர்ந்தது. சரியாக விழவில்லையோ என்று இன்னும் தள்ளினேன். இன்னும் வேகமாகப் பின்னால் போய் ஜெட்டி கான்கிரீட்டில் டொம். நீச்சல் ஏணி மடங்கியது. கரையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் கிளாஸைக்கூடக் கீழே வைக்காமல், "பின்னோட்டாணல்லோ சாரே" என்றார்.

பழைய கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டை இடமாகச் சுற்றியது, புதிது வலமாகச் சுற்றுகிறது. புரொப்பல்லர் பழையதேதான், இடமாகச் சுற்றுவது. 28 வருடம் கப்பல் இன்ஜின் அறையில் இருந்தவன் நான். அங்கே பெரிய டூ ஸ்ட்ரோக்கில் கியர்பாக்ஸே கிடையாது, பின்னால் போக இன்ஜினையே திருப்பி ஓட்டுவோம். எந்தப் பக்கம் சுற்றும் என்று கேட்கவே தோன்றவில்லை.

நாகலூர் காப்பி

அண்ணா, உங்களுக்காவது ஏணியோடு போச்சு.

காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் எங்கள் பல்ப்பரை அப்பா காலத்து 6 ஹெச்பி ஸ்லோ ஸ்பீடு இன்ஜின்தான் ஓட்டியது, 650 ஆர்பிஎம். டுக்கு டுக்கு என்று ஒரு ஃபர்லாங் தள்ளிக் கேட்கும். அது கிராங்க் உடைந்தது, சரியாக டிசம்பரில், பழம் மரத்தில் சிவந்து தொங்கும்போது. கிச்சிப்பாளையம் பக்கம் போய் 1500 ஆர்பிஎம்மில் ஒன்று வாங்கி மேலே ஏற்றினோம். இதுவும் 6 ஹெச்பிதான், சரியாக இருக்கும் என்று பழைய 12 அங்குலப் புல்லியையே மாட்டினான் என் தம்பி.

பல்ப்பர் கிறீச்சிட்டது. ஒரு கூடை பழம்தான் கொட்டினோம். கீழே வந்த கொட்டையைக் கையில் அள்ளினேன். பாதிக்கு மேல் கிள்ளுப்பட்டும் நசுங்கியும் இருந்தது. வேலைக்கு வந்த பெரியம்மா ஒருத்தர் ஒரு கொட்டையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "இதை நாமளே குடிச்சுக்க வேண்டியதுதான் சாமி" என்றார். அந்தக் கை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

பல்ப்பர் பழைய வேகத்திலேயே சுற்றக் கணக்கு சின்னக் கணக்கு. 650 பெருக்கல் 12, வகுத்தல் 1500. 5.2 அங்குலம். அன்று ராத்திரியே சேலம் இறங்கி லேத்தில் கடைந்து வாங்கி வந்தேன். அப்புறம் ஒரு சந்தேகம். 1500 மீட்டர் உயரத்தில் டர்போ இல்லாத டீசல் 15 சதவீதம் சோர்ந்துபோகும், ஏற்காட்டுக்காரர்கள் யாரும் அதைச் சொல்லவில்லையே?

அஸ்தம்பட்டி வோல்ட்

எனக்கு இன்ஜின் மாற்றிய அனுபவம் இல்லை, ஸ்கூட்டியைக் கொடுத்துவிட்டு பேட்டரி வண்டி வாங்கினேன், அவ்வளவுதான். ஆனாலும் சொல்கிறேன். இந்தக் காலத்தில் படகுக்கு எதற்கு டீசல்? 48 வோல்ட் மோட்டார் போடுங்கள். வலம் இடம் பிரச்சினையே இல்லை, ரெண்டு ஒயரை மாற்றினால் திரும்பிச் சுற்றும். ஆயில் மாற்ற வேண்டாம், தண்ணி பம்ப்பின் இம்பெல்லர் கிழியாது, டாங்கில் பாசி பிடிக்காது, எக்ஸாஸ்ட் பெண்டே கிடையாது. மேலே சோலார் தகடு. லித்தியம் வாங்கினால் இரும்பு பாஸ்பேட் ரகமாகப் பாருங்கள், மற்றதைவிட அது சீக்கிரம் தீப்பிடிக்காது. பேட்டரியைக் கண்காணிக்கும் பிஎம்எஸ் தரமானதா என்று பாருங்கள். படகு பிரேக் போட்டால் சார்ஜ் ஏறுமா என்று கேட்காதீர்கள், ஏறாது, ஆனால் பாய் விரித்துப் போகும்போது புரொப்பல்லர் தானே சுற்றிக் கொஞ்சம் ஏற்றும். பல்ப்பருக்கும் இதேதான், மோட்டார் மாட்டினால் புல்லிக் கணக்கு எதற்கு? ஜெனரேட்டர் வைத்திருக்கிறவர்களும் யோசியுங்கள். பழைய முறையை விட மனசு வராது, புரிகிறது.

நாகலூர் காப்பி

தம்பி, மோட்டாருக்கும் புல்லி வேண்டும். அதுவும் 1440 சுற்றும். அறுவடை நேரத்தில் மரம் விழுந்து கரண்ட் போனால் பறித்த பழத்தை அன்றைக்கே அரைத்தாக வேண்டும், மறுநாள் புளித்துவிடும்.

கடல்விட்டவன் (ஏற்காடு)

வோல்ட் தம்பி, துறையை விட்டு ஒரு மணிநேரம் போய்வருபவனுக்கு நீங்கள் சொல்வது சரி. நாங்கள் கவரத்தி போகிறவர்கள். கொச்சியிலிருந்து 400 கிலோமீட்டர், ஏப்ரலில் காற்றே இருக்காது. டாங்கில் 100 லிட்டர், மணிக்கு 2 லிட்டர் என்றால் 50 மணிநேரம். அதே வேலையைப் பேட்டரி செய்ய வேண்டுமானால் சுமார் 300 யூனிட், அதாவது சின்ன எலெக்ட்ரிக் கார் பத்தின் பேட்டரி. அதை ஏற்றினால் சகா ஏற இடமில்லை.

சங்ககிரி டீசல்

லாரி வேலைதான் எனக்கு. எப்போதோ ஒரு ஜீப் வந்து மாட்டினது.

ஏற்காட்டுப் பார்ட்டி. 38 ஹெச்பி டிஐ இன்ஜின், ஆள் ஏற்றினால் கொண்டை ஊசியில் ஃபர்ஸ்ட் கியரை விட்டு ஏறமாட்டேன் என்கிறது, 62 ஹெச்பி பிஜோ இன்ஜின் வேண்டும் என்றார். போட்டுக் கொடுத்தேன். 20 வளைவும் செகண்டில் ஏறியது, அவருக்கு ஒரே சந்தோஷம். எஃப்சிக்கு, அதாவது தகுதிச் சான்றுக்குப் போனபோது ஆய்வாளர் மண்ணெண்ணெய்த் துணியால் பிளாக்கைத் துடைத்து, டார்ச் அடித்து, நம்பரை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். ஆர்சி புக்கைப் பார்த்தார். மறுபடி பிளாக்கைப் பார்த்தார். அந்த ரெண்டு நிமிஷம் எனக்கு வியர்த்தது மாதிரி 30 வருடத்தில் வியர்த்ததில்லை. தப்பு எங்களுடையது, மாற்றுவதற்கு முன்பே அனுமதி வாங்கியிருக்க வேண்டும். ஜீப் நாலு மாதம் என் பட்டறையில் நின்றது.

கடல்காரரே, ஒன்று உறுத்துகிறது. பிளாக் குபோட்டா என்றால் டிராக்டர் இன்ஜினையே வாங்கிப் போட்டிருக்கலாமே, பாதி விலைதானே?

கடல்விட்டவன் (ஏற்காடு)

பிளாக்தான் அது. கடல் தண்ணிக்கு ஹீட் எக்ஸ்சேஞ்சர், தனி பம்ப், தண்ணி கலந்து புகை விடும் எக்ஸாஸ்ட், கியர்பாக்ஸ் எல்லாம் தனித்தனியாக வாங்கினால் மிச்சம் பிடித்த பாதியும் போய்விடும். ரேடியேட்டர் வைத்துக் காய்ந்த சைலன்சரோடு அந்தப் பொந்துக்குள் ஓட்டினால் மேலே படுக்கிறவன் வெந்துவிடுவான்.

சங்ககிரி டீசல்

சரி, ஒத்துக்கொள்கிறேன். புரொப்பல்லரை என்ன செய்தீர்கள்?

கடல்விட்டவன் (ஏற்காடு)

வலம் சுற்றும் புதுசு வாங்கினோம். படகை மறுபடி கரையேற்றிய செலவு தனி, சகா இன்றுவரை அதில் பாதி தரவில்லை. தரவும் வேண்டாம். பித்தளை இடம்சுற்றி என் வீட்டு வாசலில் கிடக்கிறது, பேத்தி அதில் செருப்பு காய வைக்கிறாள்.

நாகலூர் காப்பி

அண்ணா, அந்தப் பலகைப் பொம்மை இருக்கிறதா?

கடல்விட்டவன் (ஏற்காடு)

கொச்சியிலேயே விட்டுவிட்டேன். ஜெட்டியில் டீ குடிக்கிறவர் அதன்மேல்தான் உட்காருகிறார்.