இஷீ போனது துரோகமா, அவசரமா?

உக்கேமி:
ஜப்பானின் சதோஷி இஷீ 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜூடோவில் 100 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவில் தங்கம் வென்றார். வயது 21. அந்த ஆண்டே தொழில்முறை எம்எம்ஏவுக்கு (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டைப் போட்டி) போகிறேன் என்று அறிவித்துவிட்டார். 2009 டிசம்பர் 31 அன்று முதல் சண்டை, தோல்வி. நாடு செலவழித்து வளர்த்த ஆள் அடுத்த ஒலிம்பிக்கில் பட்டத்தைக் காக்காமல் கிளம்பியது தவறு என்பதே என் கட்சி. சிங்கப்பூர் காலாங்கில் ஒன் சாம்பியன்ஷிப் என்ற எம்எம்ஏ போட்டியைப் பார்த்துவிட்டு வரும் நம் ஜூடோ பிள்ளைகளுக்கும் இதே ஆசைதான் இருக்கிறது.

கூண்டுப்புலி:
யார்கிட்ட தோத்தார்னு சொல்லாம விட்டுட்டீங்களே! ஹிதேஹிகோ யோஷிதா. அவரும் ஒலிம்பிக் தங்கம்தான், 1992 பார்சலோனா, 78 கிலோ. இஷீயோட மோதின அன்னிக்கு அவருக்கு வயசு 40. ஆனா 2002லேருந்து ப்ரைட்ங்கிற ஜப்பான் எம்எம்ஏ போட்டில கையுறை மாட்டிச் சண்டை போட்டவர். ரெண்டு பேருமே ஜூடோ சாம்பியன், ஜெயிச்சது குத்து வாங்கிப் பழகினவர். இதுல துரோகம் எங்கேருந்து வந்துச்சு? தயாரிப்பு பத்தல, அவ்வளவுதான்.

உக்கேமி:
தயாரிப்புதான் பிரச்சினை என்றால் அமெரிக்க ஜூடோ வீராங்கனை கேலா ஹாரிசனைப் பாருங்கள். 2012 லண்டன், 2016 ரியோ, இரண்டிலும் 78 கிலோவில் தங்கம். நாட்டுக்குப் பட்ட கடனைத் தீர்த்துவிட்டுத்தான் விலகினார். முதல் சண்டை 2018 ஜூனில். முதலில் பிஎஃப்எல் என்ற எம்எம்ஏ அமைப்பில் 70.3 கிலோ, பிறகு யுஎஃப்சி என்ற இன்னொரு அமைப்பில் 61.2. எடையைப் படிப்படியாக இறக்கி, 2025 ஜூனில் யுஎஃப்சி பட்டம். முறையாகப் போனால் இப்படித்தான் போக வேண்டும்.

கூண்டுப்புலி:
பட்டம் வாங்கும்போது அவங்களுக்கு 34. எல்லாருக்கும் உடம்பு அவ்வளவு நாள் தாங்குமா? அதோட காசையும் பேசணும். ஒலிம்பிக் தங்கத்துக்கு இங்கே சிங்கப்பூர்ல 10 லட்சம் வெள்ளி, சரி. நம்ம பிள்ளைங்களுக்கு எட்டுற தூரத்துல இருக்கிறது தென்கிழக்காசிய விளையாட்டுகள். அங்கே தனிநபர் தங்கத்துக்கு 10,000 வெள்ளி, அதுலயும் 20 விழுக்காடு அந்த விளையாட்டோட தேசிய சங்கத்துக்குத் திருப்பிக் கொடுக்கணும். வாடகைக்கே பத்தாது லா.

மெத்தை ஓரம்:
கடன் கணக்கை நீங்கள் இருவரும் பார்த்துக்கொள்ளுங்கள். நான் மெத்தையில் நடப்பதைச் சொல்கிறேன்.

ஜூடோக்காரரை முதலில் கவிழ்ப்பது குப்புறப் படுக்கும் பழக்கம். எறியப்பட்டு முதுகு தரையில் பட்டால் ஜூடோவில் புள்ளி போகும்; அது படாமலிருக்க வயிற்றின் மேல் விழுந்து கழுத்தை மூடிக் கிடந்தால், கொஞ்ச நேரத்தில் நடுவர் "மத்தே" (நிறுத்து) சொல்லி எழுப்பிவிடுவார். எம்எம்ஏ நடக்கும் கூண்டில் அந்தக் காப்பாற்றல் கிடையாது. எதிராளி முதுகில் ஏறி, இரு கால்களையும் இடுப்பில் கோத்து, பின்னாலிருந்து கழுத்தை நெரிப்பார். முழங்காலில் இறங்கிப் போடும் செயோய் நாகே (தோள் மேல் எறிதல்) தவறினாலும் இதே கதி. ஒசாய்கோமியில், அதாவது எதிராளியை மல்லாக்கப் பிடித்து வைப்பதில், 20 விநாடி அமுக்கினால் ஜூடோவில் ஆட்டம் முடிந்தது. இங்கே அமுக்கிய பிறகுதான் வேலையே ஆரம்பம்.

அடுத்தது கால். ஜூடோவில் 2010இல் நேரடியாகக் காலைப் பிடிப்பதைக் கட்டுப்படுத்தினார்கள், 2013இல் முழுத் தடை. அதற்குப் பின் வளர்ந்தவர்கள் நிமிர்ந்தே நிற்கிறார்கள். மல்யுத்தக்காரர் தாழ்ந்து வந்து இரண்டு காலையும் அள்ளும்போது இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி அமுக்கத் தெரிவதில்லை.

பிடியும் மாறும். பிடித்து இழுக்க ஜூடோகி (ஜூடோ உடை) இல்லாததால், காலை வீசி எறியும் உச்சிமாதாவுக்கும் ஹராய்கோஷிக்கும் ஒரு கையை எதிராளியின் அக்குளுக்கடியில் விட்டு, மறு கையால் அவர் கையை மேலிருந்து சுற்றிப் பூட்ட வேண்டும். மார்போடு மார்பு ஒட்டாவிட்டால் எறிதல் வராது. எதிராளியின் தலையைக் கையால் சுற்றி இடுப்பின் மேல் போடும் கோஷிகுருமா முதல் சுற்றில் நன்றாக இருக்கும். வியர்த்தபின் தலை நழுவும், உங்கள் முதுகு அவருக்குப் போகும். காலால் எதிராளியின் காலை வாரிவிடும் ஓ உச்சிகரியும் கோசோதோகரியும் பெரிய மாற்றமில்லாமல் வேலை செய்யும், கூண்டுச் சுவரோடு நெருக்கியிருந்தால் இன்னும் நல்லது.

நிற்கும் நிலையில் ஒரு சங்கடம். வலது கை ஜூடோக்காரர் வலது காலை முன்னே வைப்பார். குத்துச்சண்டையில் அது இடது கைக்காரர் நிற்கும் நிலை. மாற்றினால் எறிதல் எல்லாம் புதிதாகப் படிக்கணும். மாற்றாமல், முன்னிருக்கும் வலது கையில் ஜேப் (முன்கையால் விடும் வேகமான நேர்க்குத்து) பழகுவதே லாபம் என்பேன்.

உக்கேமி:
அதெல்லாம் பயின்றாலும் ரோண்டா ரௌசிக்கு 2015 மெல்பர்னில் என்ன ஆனது? 2008 ஒலிம்பிக் ஜூடோ வெண்கலக்காரர், அதுவரை தோல்வியே காணாத யுஎஃப்சி சாம்பியன்.

மெத்தை ஓரம்:
நேர்கோட்டில் துரத்தினார். ஹாலி ஹோம் வட்டமாக நகர்ந்து, நெருங்கும்போதெல்லாம் இடது நேர்க்குத்து விட்டார், இரண்டாம் சுற்றில் இடது காலால் கழுத்தில் உதைத்து முடித்தார். பிடிக்குள் நுழையும் வழியை அடைத்துவிட்டால் எறிதல் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. தலையை நகர்த்துவதும், எதிராளி நகரும் பாதையை மறிப்பதும் எறிதலுக்கு முன்னால் வர வேண்டிய பாடங்கள்.

கூண்டுப்புலி:
எடையையும் சேர்த்துக்குங்க. ஜூடோல முந்தின நாள் எடை பார்ப்பாங்க, மறுநாள் காலைல சிலரை மட்டும் கூப்பிட்டு 5 விழுக்காடு கூடியிருக்கான்னு பார்ப்பாங்க. 73 கிலோ பிரிவுன்னா 76.6 வரைக்கும் ஓகே. அதனால தண்ணியை நிறுத்தி இறக்குறது பழக்கமாயிடுது. ஒன் சாம்பியன்ஷிப்ல சிறுநீர்ச் சோதனை உண்டு, உடம்புல நீர் குறைஞ்சா தேற முடியாது. அதனால ஆள் சாதாரணமா இருக்கிற எடைக்குப் பக்கத்துப் பிரிவையே எடுக்கணும்.

உக்கேமி:
சரி, பயிற்சிக்கு இரண்டு ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். அந்த இரண்டு ஆண்டும் தேசிய அணி இடத்தைப் பிடித்துக்கொண்டு, சங்கத்தின் பயிற்சியாளரையும் வெளிநாட்டு முகாமையும் பயன்படுத்துவாரா? என் எதிர்ப்பு அங்கேதான். இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டுப் போகட்டும்.

கூண்டுப்புலி:
அதுக்கு ஒத்துக்கிறேன், எழுதிக் கொடுத்துட்டுப் போகட்டும். ஆனா கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒப்பந்தத்துல பிரத்தியேக உரிமை எதுவரைக்கும்னு ஒரு வழக்கறிஞர்கிட்ட காட்டணும். மத்த போட்டிகள்ல இறங்கக் கூடாதுன்னு பொதுவா எழுதியிருந்தா, ஜூடோவும் அதுல மாட்டிக்கலாம்.