மன்னித்த பிறகும் புகாரைத் தொடரலாமா?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். என் அண்ணன் என் கையெழுத்தைத் தானே போட்டு என் வங்கிக் கணக்கிலிருந்து பெருந்தொகை எடுத்துவிட்டார். நான் காவல்துறையில் புகார் கொடுத்துள்ளேன். சபையிலோ, ‘மறு கன்னத்தையும் திருப்பிக்கொடு’ என்ற வசனத்தைச் சொல்லி, புகாரைத் திரும்பப் பெறும்படி பலரும் வற்புறுத்துகிறார்கள். அவர்மேல் எனக்கு வன்மம் இல்லை, அவருக்காக ஜெபிக்கவும் செய்கிறேன். அவரோ இன்றுவரை தாம் எடுக்கவே இல்லை என்று சாதிக்கிறார். புகாரைத் தொடர்ந்தால் நான் மன்னிக்கவில்லை என்றாகுமா?

பதில் 1:
சகோதரி, அந்த வசனத்துக்கு முந்தைய வரியையும் சேர்த்து வாசியுங்கள். ‘கண்ணுக்குக் கண்’ என்ற பழைய சட்டம், பட்ட அடிக்கு மேல் திருப்பி அடிக்காதபடி பழிக்கு எல்லை வகுத்தது. இயேசு அந்த எல்லைக்குள் அடங்கிய பழியையும் விட்டுவிடச் சொல்கிறார். மத்தேயு 5:39 ‘வலது கன்னம்’ என்று குறிப்பிடுவதைக் கவனியுங்கள். எதிரே நிற்பவர் வலது கையால் அங்கே அறைய வேண்டுமானால் புறங்கையால்தான் அறைய முடியும் என்பதால், இங்கே பேசப்படுவது காயத்தைவிட அவமானமே என்று உரையாசிரியர் பலர் விளக்குகின்றனர். மேலும், விசாரணையின்போது சேவகன் ஒருவன் அறைந்தபோது இயேசு திருப்பி அடிக்கவில்லை. ஆனால் வாய்மூடி நிற்கவும் இல்லை. ‘என்னை ஏன் அடிக்கிறாய்?’ என்று கேட்டார் (யோவான் 18:23).

பதில் 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அவ்வளவு எளிதாக முடித்துவிட முடியாது. விசுவாசிகள் ஒருவர்மேல் ஒருவர் வழக்காடுவதைவிட நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளக் கூடாதா என்று 1 கொரிந்தியர் 6-ல் பவுல் கேட்கிறார். நமக்கு இடறலான இந்தப் பகுதியை நாம் வசதியாகத் தாண்டிவிடுகிறோம். அதே பவுல், ரோமர் 12-ன் இறுதியில் பழிவாங்குதலைக் கடவுளிடம் விடச் சொன்ன கையோடு, 13-ன் தொடக்கத்தில் தீமை செய்பவரைத் தண்டிக்கும் அதிகாரத்தைப் பற்றி எழுதுகிறார். 12, 13 என்ற அத்தியாயப் பிரிவுகள் பிற்காலத்தவை, மூலக் கடிதத்தில் இவ்விரண்டும் அடுத்தடுத்த வரிகள்தான். ஆகவே புகார் கொடுத்ததே பாவம் என்று என்னால் சொல்ல இயலவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன்: புகாருக்கு முன் அவரிடம் தனியே பேசினீர்களா? மத்தேயு 18:15 அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பதில் 3:
புதிய ஏற்பாட்டில் ‘மன்னித்தல்’ என்பதற்குப் பெரும்பாலும் வரும் கிரேக்கச் சொல்லுக்கு விட்டுவிடுதல், கடனைத் தள்ளிவிடுதல் என்று பொருள். கடனே இல்லை என்று பொய் சொல்வது அதில் அடங்காது. 1981 மே 13-ல் சுடப்பட்ட போப் இரண்டாம் ஜான் பால், நான்கே நாளில் மருத்துவமனையிலிருந்தபடி மன்னிப்பை அறிவித்தார். 1983-ல் சிறைக்கே சென்று சுட்டவரைச் சந்தித்தார். ஆனால் அவருக்குப் பொதுமன்னிப்பு கிடைத்து இத்தாலியச் சிறையிலிருந்து வெளியேற 2000 வரை ஆயிற்று. உங்களுக்கு நெருக்கமான உதாரணம், அண்ணன்மாரால் அடிமையாக விற்கப்பட்டு, பின்னர் எகிப்தில் அதிகாரியான யோசேப்புதான். அண்ணன்மார் வந்து நின்றதும் அவர் கட்டித் தழுவிவிடவில்லை. மூன்று நாள் காவலில் வைத்தார், பிறகு தம்பி பென்யமீனின் சாக்கில் வெள்ளிப் பாத்திரத்தை வைத்துச் சோதித்தார். தம்பிக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்று அண்ணன்மாரில் ஒருவரான யூதா முன்வந்த பிறகே வாய்விட்டு அழுதார்.

கேட்டவர்:
நன்றி, ஐயா. தனியே பேசினீர்களா என்ற கேள்வி எனக்கு உறைத்தது. பேசவில்லை, வங்கியிலிருந்து நேரே காவல் நிலையத்துக்குத்தான் போனேன். புகார் அப்படியே இருக்கட்டும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும், துணைக்கு யாரையும் அழைக்காமல், அண்ணன் வீட்டுக்குப் போகிறேன்.