அமெரிக்காவில் படிக்க வந்த இடத்தில் மறுபடி ஹை-பவர் ராக்கெட்: எங்கே தொடங்குவது?

எஃப்-1 விசாவில் அமெரிக்கா வந்திருக்கும் மாணவர்களுக்கான பதிவு இது. பள்ளியில் ராக்கெட் விட்டவர்கள், நுழைவுத் தேர்வு, விசா, விமானம் என்று சில வருடம் விட்டுப்போனவர்கள், கல்லூரி ராக்கெட் டீமின் போஸ்டரைப் பார்த்ததும் நேராகப் பெரிய மோட்டார் பக்கம் ஓடிவிடுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். டீமில் ஒருவர் ஃபின் (வால் இறக்கை) மட்டும் பார்ப்பார், இன்னொருவர் எலக்ட்ரானிக்ஸ் மட்டும் பார்ப்பார். முழு ராக்கெட்டும் ஒரே ஆளின் தலையில் ஏறுவது, தன் கையால் கட்டிய ஒரு சின்ன எச் மோட்டார் ராக்கெட்டில்தான். டீமில் சேருங்கள், கூடவே உங்கள் பெயரில் லெவல் 1 சான்றும் (ஹை-பவர் மோட்டார் விட அனுமதிக்கும் முதல் படி) வாங்குங்கள்.

மோட்டாரின் எழுத்து அதன் மொத்தக் கணத்தாக்கை, அதாவது உந்துவிசையை எரியும் நேரத்தால் பெருக்கிய அளவைச் சொல்கிறது. எச் என்றால் 160 முதல் 320 நியூட்டன்-செகண்ட் வரை, ஐ 640 வரை, அதன்பின் ஒவ்வொரு எழுத்துக்கும் இரட்டிப்பு. எச், ஐ இரண்டும் லெவல் 1. ஜே, கே, எல் லெவல் 2. எம் முதல் ஓ வரை லெவல் 3. சான்று தருபவை இரண்டு அமைப்புகள்: நேஷனல் அசோசியேஷன் ஆஃப் ராக்கெட்ரி, டிரிப்போலி ராக்கெட்ரி அசோசியேஷன். முழுச் சான்றுக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும். முன்பே சான்று வாங்கியிருந்தாலும் உறுப்பினர் சந்தா நடப்பில் இருந்தால்தான் அது செல்லும். கிளம்பும் முன் அதை முதலில் பாருங்கள்.

வானத்துக்கு அனுமதி தருவது அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. மோட்டாரில் எரியும் மருந்து 125 கிராமுக்குள், மொத்த எடை 1,500 கிராமுக்குள் இருந்தால் அது கிளாஸ் 1. அதைத் தாண்டினால் கிளாஸ் 2, முன்அனுமதி இல்லாமல் ஏற்றக் கூடாது. அந்த அனுமதியைத் தனி ஆளாக வாங்க அலைய வேண்டாம். கிளப்புகள் தங்கள் களத்துக்கு ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கும். கலிஃபோர்னியாவில் லூசர்ன் வறண்ட ஏரி, நெவாடாவில் பிளாக் ராக் பாலைவனம், கேன்சஸில் ஆர்கோனியா எல்லாம் ராக்கெட் விடுபவர்களுக்கு நன்றாகத் தெரிந்த இடங்கள். விவசாய நிலத்தில் நடத்தும் கிளப் என்றால் அறுவடை முடிந்த மாதங்களில்தான் லாஞ்ச் இருக்கும். செமஸ்டர் தொடங்கிய வாரமே அவர்கள் காலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள். களம் ஊருக்கு வெளியே பல மைல் தள்ளி இருக்கும், பஸ் போகாது. கிளப் கூட்டத்தில் முகம் காட்டிவிட்டால் காரில் இடம் தானாகக் கிடைக்கும்.

இனி நம் ஆட்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. ஹை-பவர் மோட்டாரில் எரியும் ஏ.பி.சி.பி. மருந்து 2009-ல் வந்த நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு மத்திய அரசின் வெடிபொருள் பட்டியலில் இல்லை. ஆனால் பாராசூட்டை வெளியே தள்ளப் போடும் கருமருந்து அந்தப் பட்டியலில் இருக்கிறது. கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டவர், சில விலக்குகள் தவிர, வெடிபொருள் வைத்திருக்கக் கூடாது என்று மத்தியச் சட்டம் சொல்கிறது. மாணவர் விசா அந்த விலக்கில் வராது. அமெரிக்க நண்பன் கடையில் கருமருந்து வாங்குகிறான் என்று நீங்களும் வாங்காதீர்கள், அறையில் வைக்காதீர்கள், காரில் வாங்கி வந்தும் கொடுக்காதீர்கள். மோட்டார் கிட்டோடு சின்னக் குப்பியில் வருவதும் அதே கருமருந்துதான். சான்று தரப்போகும் ஆளிடம் உங்கள் விசா நிலையை முன்கூட்டியே சொல்லி, கருமருந்து போடும் அந்த ஒரு கட்டத்தை யார், எப்படிச் செய்வது என்று பேசி முடிவு செய்யுங்கள். டீம் என்றால் டீமின் மென்டார் பொறுப்பு. கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திலும் ஒரு மின்னஞ்சல் போட்டு, எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள். விசா பெரிது, ராக்கெட் அடுத்த மாதமும் பறக்கும்.

விடுதி அறைக்குள் எந்த மோட்டாரும் வரக் கூடாது, பையில் போட்டு விமானத்திலும் ஏறக் கூடாது, செக்-இன் லக்கேஜிலும் கூடாது. லாஞ்ச் அன்று களத்துக்கே வரும் விற்பனையாளரிடம் முன்பதிவு செய்து அங்கேயே வாங்கி, அங்கேயே எரித்துவிடுங்கள். தபாலில் வாங்கினால் அபாயப் பொருள் கட்டணம் தனியாக ஏறும், அது சில சமயம் மோட்டார் விலையையே தொடும்.

ராக்கெட்டுக்கு வருவோம். 4 அங்குல விட்டம், அட்டைக் குழாய், பிளைவுட் ஃபின், 38 மி.மீ. மோட்டார் குழாய், 29 மி.மீ.க்கு ஓர் அடாப்டர், முழு எடை 1.5 கிலோவுக்குள். முதல் சான்றுக்கு இதுவே போதும். ஃபைபர்கிளாஸ் வேண்டாம். எடை கூடும், பெரிய மோட்டார் கேட்கும், தேடி அலைய நேரிடும். தடித்த ராக்கெட் குறைவாக ஏறும், கண்ணுக்கு எட்டிய தூரத்திலேயே இறங்கும். சான்றுக்கு உயரம் கேட்பதில்லை, முழுசாகத் திரும்பி வந்ததா என்றுதான் பார்க்கிறார்கள்.

ஃபின்னைக் குழாயின் மேல்தோலில் ஒட்டி விடாதீர்கள். குழாயில் வெட்டிய பிளவு வழியாக உள்ளே போய் மோட்டார் குழாயைத் தொட வேண்டும். தொடும் இடத்தில் ஒரு ஃபில்லெட் (மூலையை நிரப்பும் பசைப் பட்டை), வெளியே இன்னொரு ஃபில்லெட். ஒட்டும் முன் குழாயின் வழவழப்பான மேல்தாளை மணல்தாள் போட்டுச் சொரசொரப்பாக்குங்கள். இல்லையென்றால் எபாக்ஸி பசை நிற்கும், தாள்தான் உரிந்து வரும். 5 நிமிட எபாக்ஸி இடம் பிடித்து நிறுத்த மட்டும். பளு தாங்கும் இடமெல்லாம் 30 நிமிடமோ அதற்கு மேலோ ஆகும் வகை. மோட்டார் பின்னால் நழுவாமல் பிடிக்கும் ரிடெய்னரை ஒட்ட சூடு தாங்கும் ஜேபி வெல்ட் பசை. ரிடெய்னரின் மரையில் ஒரு சொட்டுப் பசை போனாலும் மூடி திருகாது, அதனால் ஒட்டும் முன் மரையைச் சுற்றி டேப் போடுங்கள்.

ராக்கெட் எப்படிப் பறக்கும் என்று கணக்கிட்டுக் காட்டும் ஓப்பன்ராக்கெட் மென்பொருள் இலவசம். அதில் கிட் காட்டும் எடையை நம்பாமல், பெயின்ட் அடித்த பிறகு ஒவ்வொரு பாகத்தையும் தராசில் வைத்து அந்த எண்ணைப் போடுங்கள். பின்பக்கம் போட்ட எபாக்ஸிதான் ஈர்ப்பு மையத்தைப் பின்னுக்கு இழுக்கும். மோட்டார் போட்ட நிலையில் ஈர்ப்பு மையம், அழுத்த மையத்துக்கு (காற்றின் விசை ஒன்றுசேர்ந்து தள்ளும் புள்ளி) முன்னால் குறைந்தது ஒரு விட்டம், வசதியாக ஒன்றரை விட்டம் இருக்கட்டும். நிஜ ராக்கெட்டைக் கயிற்றில் தொங்கவிட்டு ஈர்ப்பு மையத்தை ஒருமுறை கையால் சரிபாருங்கள்.

மோட்டார் கணக்கு எளிது. எச்128 என்றால் சராசரி உந்துவிசை 128 நியூட்டன். பாதுகாப்பு விதிப்படி ராக்கெட்டின் எடை உந்துவிசையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. களத்தில் எல்லோரும் கடைப்பிடிப்பது ஐந்தில் ஒரு பங்கு. 128-ஐ 5-ஆலும் 9.81-ஆலும் வகுத்தால் 2.6 கிலோ. 1.5 கிலோ ராக்கெட்டுக்குத் தாராளம். ஏவு தண்டவாளத்தை விட்டுக் கிளம்பும்போது நொடிக்கு 15 மீட்டர் வேகமாவது வேண்டும், அதற்குக் கீழே ஃபின் பிடிக்காது. இந்த எடைக்கு ஒன்றரை மீட்டர் ஓட்டம் கிடைத்தால் அந்த வேகம் சரியாக வந்துவிடும். 6 அடி தண்டவாளத்தில், ராக்கெட்டை அதோடு பிடித்து வைக்கும் பட்டன்களில் மேல் பட்டன் வெளியேறியதும் வழிகாட்டல் முடிந்ததாகக் கணக்கு, ஆகவே பட்டன்களைக் கீழ்ப்பாதியில் வையுங்கள்.

பாராசூட்டுக்கு இறங்கும் வேகம் நொடிக்கு 5 முதல் 6 மீட்டர். மருந்து எரிந்தபின் 1.4 கிலோ என்றால் சுமார் 1.1 மீட்டர் விட்டம். பெரிதாகப் போட்டால் மெதுவாக இறங்கும் என்று நினைத்து 2 மீட்டர் போடாதீர்கள். 300 மீட்டரில் விரிந்து 5.5 மீட்டர் வேகத்தில் இறங்க 55 நொடி. காற்று நொடிக்கு 5 மீட்டர் அடித்தால் 270 மீட்டர்வரை தள்ளிப்போய் விழும். பெரிய பாராசூட் என்றால் அடுத்தவர் சோளக்காட்டில்தான் தேட வேண்டும்.

தாமத நேரம்தான் (மோட்டார் எரிந்து முடிந்ததிலிருந்து பாராசூட்டை வெளியே தள்ளும்வரை உள்ள நேரம்) லெவல் 1-ல் அதிகம் சறுக்கும் இடம். பல மோட்டார்கள் 14 நொடி தாமதத்தோடு வரும், அதை அதற்கென்றே உள்ள துளையிடும் கருவியால் குறைக்க வேண்டும். மேலே சொன்ன ராக்கெட்டுக்கு சிமுலேஷன் 7 நொடிக்குப் பக்கமாகக் காட்டும். ஒரு நொடி முன்பின் ஆனால் ஒன்றும் ஆகாது. துளையிட மறந்து 14 நொடியிலேயே விட்டால் ராக்கெட் உச்சியைத் தாண்டித் தலைகுப்புற வந்துகொண்டிருக்கும். உச்சியிலிருந்து 3 நொடி விழுந்தாலே வேகம் நொடிக்கு 30 மீட்டரை நெருங்கும். அந்த வேகத்தில் பாராசூட் விரிந்தால், ராக்கெட் பாகங்களைப் பாராசூட்டோடு கட்டும் கயிறான ஷாக் கார்டு அட்டைக் குழாயை நீளவாக்கில் கிழித்துவிடும். ஜிப்பர் என்பார்கள். குழாய் கிழிந்தால் சான்று கிடையாது.

—

பதில்: நல்ல பதிவு அண்ணா. பேக்கிங்கையும் சேர்த்துக்கலாம். ஷாக் கார்டு ராக்கெட் நீளத்துல மூணுலேர்ந்து அஞ்சு மடங்கு இருக்கணும். குட்டையா இருந்தா மூக்குக் கூம்பு ரப்பர்ல கட்டின மாதிரி திரும்பி வந்து குழாயிலேயே அடிக்கும். பாராசூட்டைச் சுத்தி தீ தாங்குற நோமெக்ஸ் துணி, துணியோட மூடின பக்கம் மோட்டாரைப் பாத்து இருக்கணும். திருப்பி வெச்சா நைலான் உருகி ஒட்டிக்கும், கீழ வரும்போது விரியாத மூட்டையா வரும். மூக்குக் கூம்பைப் பிடிச்சு ராக்கெட்டைத் தூக்கினா நிக்கணும், லேசா உலுக்கினா கழரணும். இறுக்கமா தளர்வான்னு மாஸ்கிங் டேப்பால சரி பண்ணுங்க. காலைல குளிர்ல சரியா இருந்தது மத்தியானம் வெயில்ல மாறும், அதனால ஏவுற பேடுக்குப் போற முன்னாடி இன்னொரு தடவை பாருங்க. பாராசூட் பகுதியில 3 மி.மீ. ஓட்டை ஒண்ணு போடுங்க. மேல போகப்போக வெளிக்காத்தழுத்தம் குறையும், ஓட்டை இல்லேன்னா உள்ள அடைஞ்ச காத்து மூக்கை முன்னாடியே தள்ளிவிடும்.

—

கேள்வி: அண்ணா, மருந்தை மாத்தி மறுபடி மறுபடி விடுற ரீலோட் மோட்டார் கட்டும்போது வெடிச்சுடும்னு பயமா இருக்கு. ஒரே தடவை விடுற சிங்கிள் யூஸ் வாங்கிடலாமா?

—

பதில்: வாங்கலாம் தம்பி, சான்றுக்கு அதுவும் செல்லும். ஆனால் வருடத்தில் நாலைந்து முறை விடுவதாக இருந்தால் ரீலோட் கேஸ் (மோட்டாரின் வெளி உறை) வாங்குவதே கட்டுப்படியாகும். பயப்பட வேண்டியது ஓ-ரிங்குக்கு, அதாவது வாயு கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையத்துக்கு. வெடிக்கும் மோட்டார்களில் நிறைய ஓ-ரிங் விட்டுப்போனதோ, கீறல் பட்டதோ, இடம் மாறிப் போட்டதோதான். எல்லாப் பாகத்தையும் வெள்ளைத் துணியில் பரப்பி, வழிகாட்டித் தாளில் உள்ள பட்டியலோடு எண்ணிப் பாருங்கள். கடைசியில் ஒரு ஓ-ரிங் துணியில் மிஞ்சினால் முழுசாகப் பிரித்து மறுபடி கட்டுங்கள். கிரீஸ் ஓ-ரிங்கிலும் மரையிலும் மட்டும், மேலே ஒரு பளபளப்பு தெரியும் அளவு. மருந்தில் கிரீஸ் பட்டால் அந்த இடம் பற்றாது.

மருந்தைப் பற்றவைக்கும் இக்னைட்டரை மோட்டாரின் உச்சிவரை தள்ளி, எவ்வளவு உள்ளே போனது என்று ஒயரில் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். பாதி தூரத்தில் நின்றால் மோட்டார் விட்டுவிட்டு இருமும், அழுத்தம் ஏறாமல் தண்டவாளத்திலேயே மருந்து வீணாகும். இக்னைட்டர் போடுவது பேடில் ராக்கெட் நிமிர்ந்து நின்ற பிறகுதான், மேசையில் அல்ல. ஏவும் பட்டனை அழுத்தியும் பற்றவில்லை என்றால் சாவியை எடுத்துவிட்டு, முழுசாக 60 நொடி போன பிறகுதான் யாரும் கிட்டே போகலாம். எச், ஐ, ஜே மோட்டாருக்கு நிற்க வேண்டிய தூரம் 100 அடி, கே-க்கு 200, எல்-க்கு 300. காற்று மணிக்கு 20 மைலைத் தாண்டினால் அன்று கிடையாது. மேகத்துக்குள்ளும் விடக் கூடாது.

—

பதில்: டீம் பத்தி ஒரு விஷயம். நாசா ஸ்டூடண்ட் லாஞ்ச்ங்கிற மாணவர் ராக்கெட் போட்டி அலபாமாவுல ஹன்ட்ஸ்வில் பக்கம் நடக்குது. அதுல வெளிநாட்டு மாணவர்கள் பேரை டீம் முன்கூட்டியே நாசாவுக்குக் கொடுக்கணும், நாசாவோட மார்ஷல் மையத்துக்குள்ள சில நிகழ்ச்சிகளுக்கு நம்மள விடாமலும் போகலாம். அது கடைசி வாரத்துல தெரிஞ்சு மனசு ஒடையறதுக்குப் பதிலா, செப்டம்பர்லயே டீம் லீடர்கிட்ட கேட்டுடுங்க. டிசைன், கட்டுமானம், கிளப் களத்துல நடக்கிற சோதனைப் பறப்பு எல்லாத்துலயும் முழுசா இருக்கலாம். ராக்கெட் கம்பெனி இன்டர்ன்ஷிப்புக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் குறுக்க வரும், நிறைய இடத்துல குடிமக்கள், கிரீன் கார்டு, அகதி அந்தஸ்து உள்ளவங்களைத்தான் எடுப்பாங்க. சிமுலேஷன், ஏவியானிக்ஸ், கம்போசிட்னு இங்க கத்துக்கிற வேலை ராக்கெட் இல்லாத கம்பெனியிலயும் செல்லும், ரெஸ்யூமேல அப்படி எழுதுங்க.

—

கேள்வி: லெவல் 1 முடிஞ்சா உடனே லெவல் 2 போகலாமா?

—

பதில்: எழுத்துத் தேர்வு ஒன்று இருக்கிறது, கேள்விகளைப் படிக்க ஒரு வாரம் போதும். பறக்கவிடுவதற்கு அவசரப்படாதீர்கள். அதே லெவல் 1 ராக்கெட்டில் உயரம் அளக்கும் ஒரு சின்ன ஆல்டிமீட்டரை வைத்து, பதிவு மட்டும் செய்யவிட்டு இரண்டு மூன்று தடவை விடுங்கள். சிமுலேஷன் சொன்ன உயரமும் நிஜ உயரமும் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பார்த்து இழுவைக் கெழுவைத் திருத்துங்கள். அந்த எண் கைக்கு வந்த பிறகு ஜே மோட்டாருக்கு இரட்டைப் பாராசூட் அமைப்புக்குப் போகலாம்: உச்சியில் சின்னது, 150 முதல் 200 மீட்டரில் பெரியது. அதற்குத் தரையிலேயே பாராசூட்டை வெளியே தள்ளிப் பார்க்கும் எஜெக்‌ஷன் சோதனை கட்டாயம், அதில் கருமருந்து உண்டு, ஆகவே மென்டார் இல்லாமல் அந்தச் சோதனை கிடையாது. லிப்போ பேட்டரியை விமானத்தில் கொண்டுபோக நேர்ந்தால் முனைகளுக்கு டேப் ஒட்டிக் கைப்பையில் வையுங்கள். எரிந்த மோட்டார் கேஸில் கரி வாசம் போகாது, அதைக் கழுவித் தரைவழிப் பார்சலில் அனுப்பிவிடுங்கள்.